கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டு லேபிளைப் படிங்க

கடலை பறிப்பு முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். விஷயம் விளக்கெண்ணெய். சிரிக்காதீங்க. "வெளக்கெண்ண"ன்னு ஆளைத் திட்டுறதுக்கு மட்டும்தான் நமக்கு இந்தப் பேர் ஞாபகம் வருது. ஆனா உங்க குளியலறை அலமாரியில இருக்கிற பாட்டில்கள்ல பாதிக்கு மேல அது ஏதாவது ஒரு வேஷத்துல உட்கார்ந்திருக்கு.

இந்த மாசத்துல மட்டும் எனக்கு ரெண்டு விதமான வாட்ஸ்அப் செய்தி திரும்பத் திரும்ப வந்தது. அனுப்பினவங்க எல்லாம் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்ல இருக்கிற படிச்ச சொந்தக்காரங்க, நண்பர்கள். முதல் செய்தி: "ஃபேஸ்வாஷ்ல பிஇஜி-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்னு ஒரு பாலிமர் இருக்கு, அது பிளாஸ்டிக், புற்றுநோய் வரும், உடனே தூக்கி எறியுங்க." ரெண்டாவது: "கிராமத்துச் சுத்தமான விளக்கெண்ணெயைத் தொப்புள்ல மூணு சொட்டு விடுங்க, தலையில தேய்ங்க, குழந்தை மூக்குல விடுங்க, நூறு வியாதி போகும்." வேடிக்கை என்னன்னா, ரெண்டையும் அனுப்பினது சில பேர் விஷயத்துல ஒரே ஆள்தான்! ஒரே செடியோட எண்ணெய். கம்பெனி பாட்டிலுக்குள்ள போனா விஷம், எங்க ஊர்ல இருந்து வந்தா அமிர்தம். ரெண்டுமே தப்பு, ரெண்டாலயும் கெடுதல் நடக்குது. அந்தச் செடியை வளர்க்கிறவன் நான். எனக்கும் இதுல ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

எங்க ஊர் ஆவூர். கும்பகோணம் பக்கத்துல பாடல் பெற்ற சிவன் கோயில் இருக்கே, அந்த ஆவூர் இல்ல. புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலைப் பக்கத்து ஆவூர். பெரியநாயகி மாதா கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா திருச்சிக்காரங்களுக்குத் தெரியும். வீரமாமுனிவர் தங்கி வேலை பார்த்த ஊர். மானாவாரி நிலம், செம்மண், மழையை நம்பின கடலை. இந்தக் கடலைக்கொல்லை வரப்புலதான் ஆமணக்கு நிக்கும். நாங்க ஆமணக்குன்னு சொல்றது குறைவு, கொட்டமுத்துன்னுதான் சொல்லுவோம்.

அதை யாரும் எண்ணெய்க்காக மட்டும் வரப்புல போடுறதில்ல. அது காவல். கடலையைத் திங்க வர்ற புரோட்டீனியா அந்துப்பூச்சிக்குக் கடலை இலையைவிட ஆமணக்கு இலைமேல ஆசை அதிகம். அகலமான அந்த இலையோட அடியில கூட்டமா முட்டை வைக்கும். நாம காலையில ஒரு நடை வரப்பைச் சுத்தி வந்து, முட்டைக் குவியல் இருக்கிற இலையைக் கிள்ளி நசுக்கிட்டா, மருந்து அடிக்கிற செலவுல பாதி மிச்சம். சிவப்புக் கம்பளிப்புழுவும் அப்படித்தான் அங்க போய் ஏறும். விவசாயக் கல்லூரிக்காரங்க இதைப் பொறிப் பயிர்னு சொல்லுவாங்க. எங்க அய்யா காலத்துல இதுக்குப் பேர் எல்லாம் கிடையாது, வரப்புன்னா நாலு கொட்டமுத்து நிக்கணும், அவ்வளவுதான்.

காய் காய்ஞ்சு வெடிக்கும்போது வர்ற முத்துல இருந்து அப்பத்தா எண்ணெய் காய்ச்சும். அந்த வேலையை இப்ப எங்க ஊர்லயே செய்யறவங்க குறைஞ்சுட்டாங்க, அதனால விவரமாச் சொல்றேன். முத்தை வெயில்ல காயப்போட்டு, வாணலியில வறுத்து, உரல்ல போட்டு இடிக்கணும். இடிச்ச மாவைப் பானையில தண்ணி ஊத்திக் கொதிக்க வைக்கணும். எண்ணெய் மேல மிதந்து வரும். அதைக் கரண்டியால கோலி எடுத்து, இன்னொரு சட்டியில திரும்பவும் காய்ச்சித் தண்ணி சடசடன்னு பொரிஞ்சு அடங்குற வரைக்கும் வைக்கணும். வீடு முழுக்க ஒரு வாடை ரெண்டு நாளைக்கு நிக்கும். அந்த எண்ணெய் விளக்குக்கு, கண்மைக்கு, வண்டி மசைக்கு, கமலைத் தோலுக்கு, துவரையில வண்டு விழாம தடவுறதுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்குப் பேதிக்கு. பேதிக்குன்னு சொன்னதும் என் வயசுக்காரங்க எல்லாம் மூக்கைப் பிடிச்சிருப்பீங்க.

இந்த வறுக்கிறது, கொதிக்க வைக்கிறது எல்லாம் சும்மா சம்பிரதாயம் இல்ல. ஆமணக்கு முத்துக்குள்ள ரிசின்னு ஒரு புரதம் இருக்கு. உலகத்துல தெரிஞ்ச கொடிய தாவர விஷங்கள்ல ஒண்ணு. அது தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது, சூட்டுல செயலிழந்துடும். அதனாலதான் விஷம் புண்ணாக்கோட தங்கிடுது, எண்ணெய் நமக்கு வருது. தொழிற்சாலையிலயும் பிழிஞ்ச எண்ணெய்க்கு வடிகட்டுறதும் சூடு காட்டுறதும் உண்டு. இப்ப என்னடான்னா, நகரத்துல "கோல்டு பிரஸ்டு, வடிகட்டாதது, சூடே படாதது"ன்னு விளக்கெண்ணெயை மூணு மடங்கு விலைக்கு விக்கிறாங்க. நல்லெண்ணெய்க்குச் சரி, தேங்காயெண்ணெய்க்குச் சரி. விளக்கெண்ணெய்க்கு வடிகட்டாம, சூடு காட்டாம விக்கிறதுல என்ன பெருமை இருக்கு? எங்க அப்பத்தா கேட்டிருந்தா உலக்கையைத் தூக்கியிருக்கும்.

சரி, பாலிமருக்கு வருவோம்.

அண்ணன் மக பெங்களூருல வேலை பார்க்குது. ஒரு டோனர் பாட்டிலைப் படம் பிடிச்சு அனுப்பிச்சு, "சித்தப்பா, இதுல காஸ்டர் ஆயில் பாலிமர் இருக்காம், அப்ப இது பிளாஸ்டிக்தானே?"ன்னு கேட்டுச்சு. "பாலிமர்னா பிளாஸ்டிக்னு யாரு ஆத்தா உனக்குச் சொன்னது? நீ கட்டியிருக்கிற பருத்திச் சேலை பாலிமர், காலையில தின்ன இட்லியில இருக்கிற மாவுச்சத்து பாலிமர்"னு சொன்னேன். ஒரே மாதிரிச் சின்னத் துண்டுகள் சங்கிலியாக் கோத்திருந்தா அதுக்குப் பேர் பாலிமர். அந்தச் சங்கிலி நல்லதா கெட்டதாங்கிறது பேர்ல இருந்து தெரியாது. எந்தத் துண்டு, எப்படிக் கோத்தது, கோத்த பிறகு என்ன மிச்சம் கிடக்குது, இதைத்தான் பார்க்கணும்.

எல்லா எண்ணெயையும் விட்டுட்டு ஏன் ஆமணக்கைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. விளக்கெண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலத்துல 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். 18 கார்பன் நீளம். அதுல 12-வது கார்பன்ல ஒரு ஹைட்ராக்சில் தொங்குது. கடலை எண்ணெயிலயோ நல்லெண்ணெயிலயோ இப்படி ஒண்ணு கிடையாது. வெறும் அரிவாள் தகட்டுக்கும் பிடி போட்ட அரிவாளுக்கும் உள்ள வித்தியாசம் இது. பிடி இருக்கிறதால வேதியியல்காரங்க அதைப் பிடிச்சு வேண்டியதை மாட்டிக்கிறாங்க. விளக்கெண்ணெய் அவ்வளவு பிசுபிசுப்பா இருக்கிறதுக்கும், மத்த எண்ணெய் மாதிரி இல்லாம சாராயத்துல கரையறதுக்கும் அதே பிடிதான் காரணம்.

இப்ப அந்த பிஇஜி-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில். பேர் நீளம், சங்கதி எளிது. முதல்ல விளக்கெண்ணெய்க்குள்ள ஹைட்ரஜனைச் செலுத்தி மெழுகாக்குறாங்க. அந்த மெழுகோட ஒரு மூலக்கூறுக்குச் சராசரியா 40 எத்திலீன் ஆக்சைடு மூலக்கூறைக் கோக்குறாங்க. இப்ப ஒரு பக்கம் எண்ணெயோட ஒட்டும், இன்னொரு பக்கம் தண்ணியோட ஒட்டும். டோனர், மவுத்வாஷ், குழந்தையைத் துடைக்கிற வெட் வைப்ஸ், இதுல எல்லாம் வாசனை எண்ணெய் தண்ணியில மிதக்காம கரைஞ்சு தெளிவா நிக்குதே, அது இதோட வேலைதான்.

எங்களுக்கு இது புதுசு இல்ல. வேப்பெண்ணெயைத் தண்ணியில ஊத்தினா மேல மிதக்கும், தெளிச்சா ஒரு இலை கருகும், ஒரு இலையில மருந்தே படாது. அதனால காதி சோப்பைக் கரைச்சு ஊத்திக் கலக்குவோம், பால் மாதிரி ஆகிடும். கடையில வாங்குற பூச்சி மருந்து தண்ணியில ஊத்தினதும் பால் மாதிரிப் பொங்குதே, அதுல பலதுக்குள்ள இருக்கிறதும் எத்திலீன் ஆக்சைடு ஏத்தின இதே விளக்கெண்ணெய்க் குடும்பம்தான். என் முதுகுல தொங்குற ஸ்பிரேயர்லயும் உங்க கன்னத்துல தடவுற டோனர்லயும் ஒரே சாதிச் சரக்கு. "ஐயோ பூச்சி மருந்து!"ன்னு இதையும் ஃபார்வேர்டு பண்ணிடாதீங்க. பூச்சியைக் கொல்றது அது இல்ல, அது வெறும் கலக்கி. தரமும் சுத்தமும் வேற வேற.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. பாட்டில் மேல பச்சை இலை படம் போட்டு, "ஆமணக்குச் செடியிலிருந்து பெறப்பட்டது"ன்னு எழுதுறாங்க பாருங்க, அதுதான். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஹைட்ரஜன் ஏத்தின விளக்கெண்ணெய் மூலக்கூறோட எடை சுமார் 940. எத்திலீன் ஆக்சைடு ஒண்ணோட எடை 44. நாற்பது சேர்ந்தா 1760. ஆக மொத்தம் 2700-ல செடியோட பங்கு 940. மூணுல ஒரு பங்கு! மீதி ரெண்டு பங்கு எத்திலீன் ஆக்சைடு, அது பெரும்பாலும் பெட்ரோலியம், இயற்கை வாயுவிலிருந்து வருது. (கரும்பு ஆலைக் கழிவுப்பாகுச் சாராயத்துல இருந்தும் நம்ம நாட்டுல செய்யறாங்க, அது குறைவு.) பிஇஜி-60ன்னு போட்டிருந்தா செடிப் பங்கு கால்வாசிதான். மூணுல ஒரு பங்கு பாலும் ரெண்டு பங்கு தண்ணியும் ஊத்தி "பசுவிலிருந்து பெறப்பட்டது"ன்னு வித்தா எங்க பால் சொசைட்டியில விடுவாங்களா? லாக்டோமீட்டரைப் போட்டு மானத்தை வாங்கிடுவாங்க.

இதை நான் மட்டும் சொல்லல. ஐரோப்பாவுல இயற்கை அழகுப் பொருளுக்குச் சான்று கொடுக்கிற காஸ்மோஸ் தரம், எத்திலீன் ஆக்சைடு ஏத்தின எதையும் ஏத்துக்கிறதில்ல. நம்ம நாட்டுலயும் 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், "இயற்கை", "பசுமை"ன்னு சும்மா அடிச்சு விடுற விளம்பரத்துக்கு ஆதாரம் காட்டணும்னு வழிகாட்டு நெறி கொண்டு வந்திருக்கு. நெறி வந்தாச்சு. பச்சை இலைப் படம் மட்டும் இன்னும் கடை அலமாரியை விட்டு இறங்கின பாடில்ல.

இப்ப பாதுகாப்பு. எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்கும், அதுல சந்தேகம் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் தொகுதியில வச்சிருக்கு. ஆனா கோத்த பிறகு அது எத்திலீன் ஆக்சைடு இல்ல. சுட்ட கல்சுண்ணாம்பைக் கையில எடுத்தா பொத்துப் போகும். அதையே தண்ணி ஊத்தி நீத்து ஆறவிட்டா வெத்திலைக்குத் தடவுறோம். வினை முடிஞ்ச பிறகு பொருள் மாறிடுது. அதோட 2700 எடையுள்ள பெரிய மூலக்கூறு நல்ல தோலுக்குள்ள சுலபமா இறங்காது. தோல் மருத்துவர்கள் சொல்ற ஒரு பொது அளவு 500, அதுக்கு மேல போனா ஊடுருவறது கஷ்டம். வெடிச்சு, புண்ணாகிக் கிடக்கிற தோலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அப்படிப்பட்ட தோலுக்கு எதைத் தடவுறதா இருந்தாலும் டாக்டரைக் கேளுங்க.

கவனிக்க வேண்டியது மிச்சம் மீதிதான். கோக்கும்போது ஓரமா 1,4-டையாக்சேன்னு ஒரு சின்னப் பொருள் உண்டாகும். அதே முகமை இதை "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்"ங்கிற 2பி தொகுதியில வச்சிருக்கு. இதை வெற்றிடத்துல ஆவியாக்கி உறிஞ்சி எடுக்க முடியும். நல்ல கம்பெனி எடுக்குது, காசு மிச்சம் பிடிக்கிறவன் எடுக்காம விடலாம். லேபிள்ல இது வராது, ஏன்னா இது சேர்த்த பொருள் இல்ல, வந்து ஒட்டிக்கிட்ட பொருள். ஐரோப்பிய அறிவியல் குழு 2015-ல கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரைக்கும் இருந்தா ஆபத்தில்லன்னு சொன்னது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம் 2022 டிசம்பர் 31 முதல் அழகுப் பொருளுக்கு அதே 10-ஐச் சட்டமாக்கிடுச்சு. சோப்பு, ஷாம்பு மாதிரிக் கழுவுற பொருளுக்கு இன்னும் கடுமை, முதல்ல 2, அடுத்த வருஷ முடிவுல இருந்து 1. ஆக, கேட்க வேண்டிய கேள்வி "இது பாலிமரா?" இல்ல. "இந்த பேட்ச்ல டையாக்சேன் எவ்வளவு, பரிசோதனைத் தாள் எங்கே?"ங்கிறதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பின ஃபார்வேர்டு வீரரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

இங்க ஒரு கதை சொல்லணும், ஏன்னா இதே எத்திலீன் ஆக்சைடால அடி வாங்கினது எங்க ஆளுங்கதான். 2020 செப்டம்பர்ல பெல்ஜியம் நாட்டுக்காரங்க இந்தியாவுல இருந்து போன எள்ளுல எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அங்க எள்ளுக்கு அனுமதி கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அடுத்த சில வாரத்துல ஐரோப்பா முழுக்க எள்ளு தூவின ரொட்டி, பிஸ்கட்டு எல்லாம் கடையில இருந்து திரும்பப் பெறப்பட்டது. அக்டோபர்ல, இந்தியாவுல இருந்து வர்ற எள்ளுச் சரக்குல பாதியைச் சோதிக்கணும்னு உத்தரவு. அந்தப் புகையை எந்த விவசாயியும் போடல. அது களத்துல அடிக்கிற மருந்து இல்ல. சால்மோனெல்லாக் கிருமியை ஒழிக்க, ஏற்றுமதிக்கு முந்தி கிடங்குல போடுறது. ஆனா "இந்திய எள்ளு விஷம்"னு பேர் வந்தது. பேர் கெட்டா வியாபாரி முதல்ல கை வைக்கிறது களத்து விலையிலதான். 2024 ஏப்ரல்ல ஹாங்காங், சிங்கப்பூர்ல இந்திய மசாலாப் பொடிக்கும் இதே பொருளால சிக்கல் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஐரோப்பாக்காரன் அப்படிச் சோதிச்சதை நான் குறை சொல்லல. சாப்பிடுற பொருளுக்கு அப்படித்தான் இருக்கணும். எள்ளும் க்ரீமும் ஒண்ணில்ல, ரெண்டுக்கும் அளவு வேற வேறயா இருக்கிறதுலயும் நியாயம் உண்டு. என் கேள்வி நம்ம ஊர் வாங்குறவங்களுக்கு. மார்க்கெட்டுல கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "மருந்து அடிச்சதா?"ன்னு காய்க்கார அம்மாவைக் குறுக்கு விசாரணை பண்றீங்க. அதே கையால ஆறுநூறு ரூபாய் சீரத்தை, மேல இலை படம் இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்காம வாங்குறீங்க. ஒரு கிலோ கொட்டமுத்துக்கு எங்களுக்குக் கிடைக்கிற விலை அந்தச் சீரம் விலையில பத்துல ஒண்ணு வந்தாலே பெரிசு. அந்த ஒரு கிலோவுல கிட்டத்தட்ட பாதி எண்ணெய். உங்க சீரத்துல அதுல எத்தனை சொட்டு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

புற்றுநோய் மருந்துக் கதையும் அடிக்கடி வருது. பாக்லிடாக்சல்னு ஒரு மருந்து தண்ணியில கரையாது. அதை பிஇஜி-35 காஸ்டர் ஆயில்ல கரைச்சு ரத்தக்குழாய்க்குள்ள ஏத்துவாங்க. சில நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது, அதனால முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பாங்க. அப்புறம் அந்த எண்ணெய் இல்லாம ஆல்புமின் புரதத்தோட சேர்த்த மருந்து 2005-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. இதெல்லாம் நிஜம். இதை எடுத்து "பாருங்க, க்ரீம்ல இருக்கிறதும் இதேதான்"னு பயமுறுத்துறாங்க. ரத்தத்துக்குள்ள நேரா ஏத்துறதும் கன்னத்துல தடவுறதும் ஒண்ணா? குளத்துத் தண்ணியில குளிக்கலாம், அதை ஊசியில ஏத்த முடியுமா?

இன்னொரு ஆமணக்குப் பாலிமர் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அது உண்மையிலேயே நல்ல சரக்கு. பாலிஹைட்ராக்சிஸ்டியரிக் ஆசிட். மெழுகாக்கின விளக்கெண்ணெயில இருந்து எடுக்கிற அமிலத்தை, அந்தப் பிடியிலேயே ஒண்ணோட ஒண்ணு கோத்துச் செய்யறது. எத்திலீன் ஆக்சைடு கிடையாது, டையாக்சேன் பேச்சே இல்ல. துத்தநாக ஆக்சைடு போட்ட சன்ஸ்கிரீன்ல பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். துத்தநாகத் தூள் எண்ணெயில கட்டி கட்டியா நிக்கும், இது அதைப் பிரிச்சுச் சமமாப் பரப்புது. கட்டி நின்னா என்ன ஆகும்? நனையும் தூள் மருந்தைச் சரியாக் கலக்காம அடிச்சா ஒரு செடிக்கு விழும், பத்துச் செடிக்கு விழாது. முகத்துலயும் அதே கதை, கட்டி இல்லாத இடத்துல வெயில் இறங்கிடும். இதுக்கும் "பாலி"ன்னு பேர் தொடங்குதேன்னு பயந்து சன்ஸ்கிரீனைத் தூக்கி எறிஞ்ச ஒரு டீச்சரம்மா எனக்குத் தெரியும்.

எதிர்ப் பக்கம் நைலான்-11. அதுவும் முழுக்க ஆமணக்குல இருந்து வர்றதுதான், பவுடர் மாதிரி அழகுப் பொருள்ல போடுறாங்க. செடியில இருந்து வந்தாலும் அது நைலான், மண்ணுல மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல நுண்பிளாஸ்டிக்குக்குப் போட்ட தடையில, மூலம் செடியா பெட்ரோலா என்பது கணக்கு இல்ல, மக்குமா கரையுமா என்பதுதான் கணக்கு. கழுவுற பொருளுக்கு 2027, தடவி விடுற பொருளுக்கு 2029, மேக்கப்புக்கு 2035 வரை கெடு. "செடியிலிருந்து" என்கிற ஒரு சொல்லை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

இனி அடுத்த கட்சி. சுத்தமான கிராமத்து எண்ணெய் பக்தர்கள். இவங்கமேல எனக்குக் கோபம் அதிகம், ஏன்னா இவங்க எங்க பேரைச் சொல்லித்தான் செய்யறாங்க.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விடுற பழக்கம் எங்க பக்கம் இருந்தது, இன்னும் சில வீட்டுல இருக்கு. அதை ஊர்லயே நர்சம்மாக்கள் வீடு வீடாப் போய் நிறுத்திக்கிட்டு இருக்கிற காலத்துல, நகரத்துல ஒரு யூடியூப் அக்கா "பாரம்பரியம்"னு திரும்பத் தொடங்குது. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போனா குழந்தை இருமித் தள்ளிடும். எண்ணெய் வழுக்கிக்கிட்டுப் போகும், இருமல்கூட சரியா வராது, சத்தமில்லாம நுரையீரல்ல போய்த் தங்கிடும். நுரையீரலால எண்ணெயை வெளியே தள்ள முடியாது. இதுக்கு லிப்பாய்டு நிமோனியான்னு மருத்துவத்துல பேரே இருக்கு, தென்னிந்தியக் குழந்தைகள்கிட்ட இந்த மூக்கு எண்ணெயால வந்ததை டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. எங்க ஊர்ல வழக்கமா இருந்துச்சுங்கிறது ஒரு காரணமா? எங்க ஊர்ல பிள்ளைகள் அதிகமாச் செத்ததும் அந்தக் காலத்துலதான். அதை யாரும் பாரம்பரியம்னு வீடியோ போட மாட்டேங்கிறாங்க.

பேதிக்குக் கொடுக்கிறதும் அப்படித்தான். அந்த எண்ணெய் குடலை எப்படி முடுக்குதுன்னு 2012-ல ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. ரிசினோலியிக் அமிலம் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டுது, அந்த ஏற்பி குடல்லயும் இருக்கு, கர்ப்பப்பையிலயும் இருக்கு. புரியுதுங்களா? மாசமா இருக்கிற பொண்ணுக்கு "சுகப்பிரசவம் ஆகும்"னு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்றவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. கைக்குழந்தைக்கு மாசம் ஒருமுறை பேதி கொடுக்கிறதுல போறது வயித்து அழுக்கு இல்ல, உடம்புத் தண்ணி.

தலைமுடி? முடி வளரும்னு உறுதியா நிரூபிச்ச ஆய்வு ஒண்ணும் கிடையாது. 2017-ல ஒரு இந்திய முடி மருத்துவ இதழ்ல ஒரு 20 வயசுப் பொண்ணோட கதை வந்தது. விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவிக் குளிச்சதுல நீளமான முடி மொத்தமும் ஒரே சிக்காகி, பறவைக் கூடு மாதிரி இறுகிப் போய், கடைசியில வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்ததாம். தொப்புள் விஷயத்துக்கு நான் பதிலே எழுதப் போறதில்ல.

சரி, அப்ப விளக்கெண்ணெயைத் தோல்ல தடவலாமா? தாராளமாத் தடவலாம். அமெரிக்காவுல அழகுப் பொருள் மூலப்பொருட்களைச் சோதிக்கிற நிபுணர் குழு 2007-ல விளக்கெண்ணெயையும் அதோட உறவுகளையும் அலசிப் பார்த்து, இப்பப் பயன்படுத்துற விதத்துல பாதுகாப்பானதுன்னு சொல்லியிருக்கு. உதட்டுச்சாயத்துல அது ரொம்பக் காலமாவே இருக்கு, மிகச் சிலருக்கு அதால உதடு வெடிச்சு அரிப்பு வந்ததும் பதிவாகியிருக்கு. பாதவெடிப்புக்கு என் வீட்டுல இன்னிக்கும் அதுதான். கண்ணுக்குள்ள மட்டும் வேண்டாம். விளக்கெண்ணெய் சேர்த்த கண் சொட்டு மருந்து 2002-லேயே அமெரிக்காவுல அனுமதி வாங்கியிருக்கு, உண்மைதான். அது கிருமி நீக்கினது. எங்க சட்டி எண்ணெயில கிருமி இல்லைன்னு எந்த அப்பத்தாவும் கையெழுத்துப் போடாது. தலைப்புல கண்ணுல விடச் சொன்னது பழமொழிக்குத்தான், மறந்துடாதீங்க!

உழைக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை. முத்து உடைக்கிற தூசு சிலருக்குக் கண்ணெரிச்சலும் இளைப்பும் கொடுக்கும். 1950-கள்ல பிரேசில் நாட்டு பவுரு நகரத்துல எண்ணெய் ஆலையைச் சுத்தி இருந்தவங்களுக்கு அந்தத் தூசால ஆஸ்துமா பரவினது மருத்துவ வரலாறு. உலகத்துல ஆமணக்கு அதிகம் விளையறது நம்ம நாட்டுல, அதுல பெரும் பங்கு குஜராத்துல. ஆலையில புண்ணாக்கு மூட்டை தூக்குறவங்களுக்கு முகக்கவசம் இருக்கான்னு எந்தப் பச்சை இலை பாட்டிலும் சொல்லாது. "விஷமில்லாத சருமம்"னு பேசுறவங்க ஒருத்தர்கூட அந்த ஆளைப் பத்திக் கேட்டு நான் பார்த்ததில்ல.

லேபிள் படிக்கிறதுக்கு ஒரே ஒரு வழி சொல்றேன். நம்ம நாட்டு அழகுப் பொருள் விதிகள், 2020-ன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கிற பொருளை எடை அதிகத்துல இருந்து குறைச்சலுக்கு வரிசையா எழுதணும். ஒரு சதவீதமும் அதுக்குக் கீழயும் இருக்கிறதை எப்படி வேணா மாத்தி எழுதிக்கலாம். முன்பக்கம் பெரிசா ஆமணக்கு இலை போட்டிருப்பான். பின்பக்கம் "ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்" வாசனைத் திரவியத்துக்கும் கீழ இருந்தா, அது பேருக்குப் போட்டது. பேருக்குப் போட்டதுக்குப் பேருக்குத்தான் காசு கொடுக்கணும்.

கடைசியா ரெண்டு தகவல். மாடித்தோட்டம் வச்சிருக்கிற நண்பர்கள் ஆமணக்குப் புண்ணாக்கு கேட்டு எழுதியிருந்தீங்க. நல்ல உரம், தழைச்சத்து நிறைய, கரையானுக்கும் ஆகாது. ஆனா நாய் இருக்கிற வீட்டுல வேண்டாம். அதுவும் எலும்புத்தூளோட கலந்து போட்டா வாசனைக்கு நாய் தோண்டித் தின்னுடும். சரியாச் சூடு காட்டாத புண்ணாக்குல ரிசின் மிச்சம் இருக்கும். வெளிநாடுகள்ல இப்படி நாய்கள் செத்திருக்கு.

விதை கேட்டவங்களுக்கு: முத்து பார்க்க அழகா, வண்டு மாதிரிப் புள்ளி புள்ளியா இருக்கும், சின்னப் பிள்ளைங்க வாயில போட்டுக் கடிச்சிடும். அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. மத்தவங்க வயசுக் கணக்கையும் சேர்த்து எழுதுங்க. தை பிறந்து காய் வெடிச்சதும் ஆளுக்குப் பத்து முத்து அனுப்பி வைக்கிறேன், கூரியர் செலவு உங்களுது.